சிப்பருக்குச் சோறு போடுவது எப்படி?

போளூருக்கும் ஆரணிக்கும் நடுவே இருக்கும் எங்கள் திருமலையில் ஒரு வேப்பங்கிளையைக் கழிக்க இதுநாள்வரை தேவைப்பட்டது மூன்றே விஷயம்: ஒரு தொரட்டி, ஒரு கொடுவாள், கிளை எந்தப் பக்கம் விழும் என்று கீழே நின்று தப்பாகச் சொல்ல நாலு பேர். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, அதன் சக்தியிலேயே ஓட்டும் சிப்பர் வந்திருக்கிறது. கிளையை ஒரு வாயில் கொடுத்தால் இன்னொரு வாய் வழியாகத் தூளாகத் துப்பிவிடும். நாலு பேர் மட்டும் இன்னும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

1884-ல் ஜெர்மனியில் மாஸ்புல் என்ற ஊரில் பீட்டர் யென்சன் என்பவர் செய்த மெஷின் இது என்று சொல்கிறார்கள். அங்கிருந்து எங்கள் ஏரிக்கரைக்கு வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கங்கைக்கரைச் செய்தி இதைவிடச் சீக்கிரம் வந்தது. ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை வென்ற நாடுகளை அவன் ஆட்சி நடக்கும்போதே எங்கள் மலைப்பாறையில் வரிசையாக வெட்டிவைத்துவிட்டார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். சிப்பர் ஓட்டுவதற்கு மட்டும் யாரும் கல்வெட்டு வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி. 1996-ல் வந்த 'ஃபார்கோ' படத்தில் சிப்பர் வரும் காட்சியைப் பார்த்தவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. இந்த மெஷினிடம் வைக்கவேண்டிய மரியாதை அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும்.

முதலில் டிராக்டர். அது உங்களுடையதாக இருக்கக் கூடாது. மச்சானுடையதாக இருப்பது உத்தமம். 35 முதல் 50 குதிரைத்திறன் இருந்தால் போதும், ரோட்டவேட்டர் ஓட்டுகிற வண்டி இதையும் ஓட்டும். டீசல் நீங்கள் போடுவீர்கள் என்று மச்சான் நினைத்திருப்பார். மச்சான் போட்டு வைத்திருப்பார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இந்த இரண்டு நினைப்பும் சந்திக்கும் இடம் ஏரிக்கரை, பகல் பதினோரு மணி. சொந்தமாகவே கருவி வாங்குவேன் என்று நிற்பவர்களுக்கு மானியம் உண்டு: வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வரும் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை, மற்றவருக்கு 40 சதவீதம் வரை என்பது பொதுவான கணக்கு. எந்தக் கருவிக்கு எவ்வளவு என்பதை வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே மெஷின் வாங்குவது வேறு ஒரு கலை. அதற்குத் தனி வழிகாட்டி எழுத வேண்டும்.

அடுத்தது உடை. இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

டிராக்டரிலிருந்து சிப்பருக்குச் சக்தியைக் கொண்டுபோவது பிடிஓ ஷாப்ட் என்ற இரும்புத் தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. நாங்கள் நெசவு ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், நூல் சுற்றுகிற கணக்கு எங்களுக்குச் சுலபம். டிராக்டரின் பின்னால் பல் வெட்டி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குப் பதினோரு சென்டிமீட்டர் துணி சுற்றும். ஒன்பது சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே நாலு முழ வேட்டி இரண்டு விநாடியில் முடிந்துவிடும். ஆறு கஜப் பட்டுப் புடவைக்கு ஐந்தாறு விநாடி. ஆரணியில் ஒரு நெசவாளி குழித்தறியில் உட்கார்ந்து, நாடாவைத் தள்ளித் தள்ளி, ஒரு வாரமோ பத்து நாளோ எடுத்து நெய்வதை இந்தத் தண்டு ஆறு விநாடியில் சுருட்டிவிடும். வேட்டியோடு வேட்டிக்குள் இருப்பவரையும் சேர்த்துச் சுருட்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். தறிக்காரர் நூல் அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடுவார். தண்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எனவே வேட்டி வேண்டாம், லுங்கி வேண்டாம், தோளில் துண்டு வேண்டவே வேண்டாம். தலைவர் போலத் துண்டைப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஆசை இருந்தால், மெஷினை அணைத்துவிட்டு எடுங்கள். படத்தில் தண்டு சுற்றுவது எப்படியும் தெரியப்போவதில்லை. இறுக்கமான பேன்ட், கையோடு ஒட்டிய சட்டை, கட்டு ஷூ. முழங்கை வரை தொளதொளவென்று வரும் கையுறையும் ஆகாது, கிளையின் கணு அதைப் பிடித்துக்கொள்ளும். பெண்கள் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொள்ளவும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. காதுமூடி எதற்கு என்று விசைத்தறிக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வரும். அதைக் கழற்றிச் சுவரில் மாட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், புது ஸ்கூட்டர் சீட்டின் பாலிதீனை மட்டும் பத்து வருஷம் கழற்றாமல் வைத்திருப்போம். இரண்டையும் மாற்றிச் செய்தால் போதும், பாதி ஆபத்து போய்விடும். தண்டு இரண்டு குழாயாக ஒன்றுக்குள் ஒன்று நுழையும். சிப்பரைத் தாங்கும் மூன்று பாயிண்ட் லிங்கைத் தூக்கி இறக்கும்போது நீளம் கூடிக் குறைய வேண்டும் என்பதற்காக. நீளமான தண்டை அளவு பார்க்காமல் மாட்டினால், தூக்கும்போது முட்டிக்கொண்டு கியர்பாக்ஸைப் பிளக்கும். குட்டையாக இருந்தால் ஓடும்போதே கழன்று வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கும்.

பிறகு ஷியர் போல்ட். ஒரு நல்ல காரியத்துக்காக உடையவென்றே படைக்கப்பட்ட ஜீவன் அது. உள்ளே கல் மாட்டினால் கத்தி உடைவதற்கு முன்பு, கியர் உடைவதற்கு முன்பு, தான் உடைந்து மற்றவர்களைக் காப்பாற்றும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு தரம் உடைந்ததும், "சே, மட்டமான போல்டு" என்று சொல்லி, கடையில் இருப்பதிலேயே கெட்டியான போல்டை வாங்கிப் போடுவார்கள். அதற்கப்புறம் போல்ட் உடையவே உடையாது. மற்றதெல்லாம் உடையும்.

மெஷின் ஓட்ட நேரம் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் பார்த்துப் பயனில்லை, தெருவில் பாருங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் நெசவுத் தெருக்களில் மர நிழலில் பாவு நீட்டியிருப்பார்கள். சாயம் ஏற்றிய பட்டு இழை ஆயிரக்கணக்கில் காற்றில் நிற்கும். அந்த நேரத்தில் நாலு வீடு தள்ளி நீங்கள் சிப்பரை முடுக்கினால், வேப்பந்தூள் முழுவதும் அங்கே போய் உட்காரும். அவ்வளவு இழையிலிருந்தும் தூளைத் துலக்குவதைவிட உங்களைத் துலக்குவது அவர்களுக்குச் சுலபம். இன்னொன்றையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: எந்த மரத்தைக் கழிக்க மெஷின் கொண்டுவந்தீர்களோ, அந்த மரத்தின் நிழலில்தான் பாவு நிற்கிறது. கழிக்கவேண்டியது வீட்டு ஓட்டில் உரசும் கிளையை. தெருப் பக்கம் நீண்ட கிளையைத் தொட்டால் பஞ்சாயத்து.

காலை போயிற்று, சாயங்காலம் ஓட்டலாமா? அதற்கும் எங்கள் ஊரில் ஒரு விதி இருக்கிறது, சிப்பர் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே வந்த விதி. திருமலை சமணர் ஊர். குந்தவை பேரில் ஜினாலயம் உள்ள ஊர். பதினாறு அடிக்கு மேல் உயரமுள்ள நேமிநாதர் பாறையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். சமணரான நயினார் வீடுகளில் நோன்பு பிடிப்பவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். இருட்டில் எந்தப் பூச்சி சோற்றில் விழுந்தது என்று தெரியாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. சிப்பரையும் அந்த நோன்பில் சேர்த்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் அதற்கும் சோறு கிடையாது. இருட்டில் கிளையோடு கிளையாக என்ன உள்ளே போகிறது என்று தெரியாது, விரலும் கிட்டத்தட்ட குச்சி மாதிரிதான் இருக்கும்.

இதே ஊரில் இருந்துகொண்டு இன்னொரு கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. சமணக் கணக்கில் மரம் ஓரறிவுயிர். அதன் மேல் ஊரும் எறும்புக்கு அறிவு இரண்டு கூடுதல். தூக்கணாங்குருவி, அணில், ஓணான் எல்லாம் நமக்குச் சரிசமமாக உட்காரக்கூடியவை, நம் ஆட்கள் சிலரைவிட ஒரு படி மேலே. ஆகவே கிளையை இழுத்து வந்ததும் உடனே மெஷினில் திணிக்காதீர்கள். தரையில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். எறும்பு இறங்கிப் போகும். கூடு இருந்தால் கண்ணில் படும், முட்டை இருந்தால் அந்தக் கிளை அன்றைக்கு வேண்டாம். இதைச் சொன்ன என்னிடம் மச்சான் கேட்டார்: "பட்டுப்பூச்சியை வெந்நீரில் போடுகிற ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எறும்புக்கு டைம் கொடுக்கிறாயா?" நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை. ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தேன்.

அந்த ஒரு மணி நேரம் வேறொரு விஷயத்துக்கும் உதவும்: ஆணி தேட. காட்டு மரத்தில் ஆணி இருக்காது. ஊர் மரத்தில் இல்லாத இரும்பே கிடையாது. டியூஷன் சென்டர் போர்டு, மூலம் பவுத்திரம் போர்டு, இரண்டு கட்சிகளின் பிறந்தநாள் வாழ்த்து, ஊஞ்சலுக்கு அடித்த கொக்கி, மாடு கட்டிய சங்கிலி. மரம் இவற்றையெல்லாம் மெல்ல மெல்ல உள்ளே விழுங்கி, மேலே பட்டை மூடி, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். புளியமரமாக இருந்தால் இதோடு ஒரு ஐட்டம் கூடும். பேய் பிடித்தவரின் உச்சிமுடியை மரத்தில் வைத்து ஆணி அடித்து, பேயை அங்கேயே நிறுத்திவிட்டு வருவது பழைய வழக்கம். நான் முதன்முதலில் மெஷினில் கொடுத்த புளியங்கட்டைக்குள் அப்படி ஒரு ஆணி இருந்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். இரண்டு கத்தி முனை உடைந்தது, எதிர்க்கத்தி வாய் மழுங்கியது. எந்தக் காலத்தில், எந்தப் பெண்ணிடமிருந்து இறக்கிய பேயோ, அன்றைக்கு விடுதலை ஆனது. அதன் பிறகு மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேய் அவர்மேல்தான் ஏறியது என்பது என் கணிப்பு.

சரி, கிளை தயார், மெஷின் தயார். இனி சோறு போடலாம் என்று நினைக்கும்போதுதான் பங்காளிகள் வருவார்கள். இது எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இல்லாத அத்தியாயம்.

முதலில் வருபவர் ஆட்டுக்கார ஆயா. ஐந்து ஆடு, ஒரு கயிறு, ஒரு வாய். "இன்னாடா இது, நல்லா கீற தழைய மெஷின்ல போட்டு அரைக்கிற? என் ஆடு இன்னா பண்ணும், உன் டீசலையா குடிக்கும்?" என்பார். வேம்பு, பூவரசு, ஆல் எல்லாவற்றின் தழையும் அவருக்குப் போய்விடும். ஆட்டைக் கவனித்துப் பாருங்கள்: சத்தமில்லை, ஷியர் போல்ட் இல்லை, தூளாகவும் இல்லாமல் உருண்டை உருண்டையாக, நேராக வயலில் போடக்கூடிய எருவாகவே துப்புகிறது. மானியம் கேட்பதில்லை. யென்சன் 1884-ல் எதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

ஆடு உருவிவிட்ட கிளையில் மிச்சமிருக்கும் கைத்தடிக் கனமுள்ள குச்சிகள் வெந்நீர்த் தவலைக்குப் போகும். அதற்கு வருபவர் பக்கத்து வீட்டு அத்தை. கேஸ் சிலிண்டர் விலை ஏறிய ஒவ்வொரு முறையும் அத்தை கொஞ்சம் சீக்கிரம் வருகிறார். தொடைக் கனமுள்ள கட்டை கல்யாணச் சமையல்காரருக்கு. நேராக வளர்ந்த கவட்டைக் கொம்பு இரண்டைப் பந்தலுக்கு என்று யாரோ எடுத்துவைப்பார்கள். முள்ளுக் கிளையை அடுத்த கொல்லைக்காரர் வேலி அடைக்க இழுத்துக்கொண்டு போவார். வேப்பங்கொழுந்தை அம்மை போட்ட வீட்டுக்கு ஒரு கொத்து. பல் துலக்க நாலு குச்சி. இத்தனைக்கும் பிறகு தரையில் கிடப்பது எனக்கும் சிப்பருக்கும். இரண்டு கைப்பிடிச் சுள்ளி, இருபது தென்னை மட்டை.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் வீட்டுத் தோட்டத்துக் கிளை குப்பை. அதை அள்ளிப்போக வண்டிக்குக் காசு கட்ட வேண்டும், அதனால் மெஷின் வாங்குகிறார்கள். இங்கே கிளை விழும் முன்பே அதற்கு ஆள் இருக்கிறது. குப்பை இல்லாத ஊரில் குப்பை அரைக்கும் மெஷினை நிறுத்தினால் அது பசியோடுதான் நிற்கும்.

ஆனால் தென்னை மட்டைக்குப் பங்காளி குறைந்துவிட்டார். கீற்று முடைகிறவர்கள் அருகிவிட்டார்கள், ஓலைக் கொட்டகை தகரக் கொட்டகை ஆகிவிட்டது. ஆகவே மட்டையை அரைப்போம். அடிப்பக்கம் முதலில் போக வேண்டும். நுனியை முதலில் விட்டால் ஓலை சுற்றிக்கொள்ளும். மெஷினுக்கு நேர் எதிரில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். உள்ளே இழுக்கும் உருளை கவ்வியதும் கையை விட்டுவிடுங்கள். இது நம் ஆட்களுக்கு வராத கலை. பிடித்ததை விடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கிளை உள்ளே போகும்போது சாட்டை மாதிரி அடிக்கும், விட்டுவிட்டு விலகுங்கள். சின்னச் சுள்ளிகள் வாயில் நின்றுகொண்டு உள்ளே போகாமல் அடம்பிடித்தால், அடுத்த நீளக் கிளையால் தள்ளுங்கள். காலால் உதைத்துத் தள்ளுவதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் செருப்பு வாங்கும் செலவு பாதியாகக் குறைந்திருக்கிறது. அடைத்துக்கொண்டால் பிடிஓவை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் பையில் போடுங்கள். மச்சான் பையில் அல்ல. அதற்கப்புறமும் உள்ளே கனமான சக்கரம் கொஞ்ச நேரம் தன்பாட்டில் சுற்றும். அது நிற்கும்வரை ஒரு டீ குடிக்கலாம்.

பனை பக்கம் போக வேண்டாம். நார் சுற்றி மெஷின் கெடும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது மாநில மரம், வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு சொல்லிவிட்டது. ஜவ்வாது மலை பக்கத்தில் இருப்பதால் சந்தனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். சிப்பரில் போட்டால் ஊரே மணக்கும், போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும்.

தூளை என்ன செய்வது? தென்னம்பாத்தியில், மரத்தின் அடியை ஒட்டாமல், நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னது இதைத்தான்: வெயிலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு போர்வை. ஆனால் மண்ணுக்குள் புதைத்து உழுதுவிடாதீர்கள். மரத்தூளில் கரிச்சத்து ஏராளம், தழைச்சத்து சொற்பம். முற்றிய மரமாக இருந்தால் நானூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில்கூட இருக்கும். அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணில் உள்ள தழைச்சத்தைக் கடன் வாங்கும். பயிர் மஞ்சள் அடிக்கும், நீங்கள் யூரியா கடைக்குப் போவீர்கள். பச்சைத் தூளைப் பெரிய குவியலாகவும் விடக் கூடாது. இரண்டாம் நாள் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சுடும்.

மெஷினுக்கு உண்மையான விருந்து ஒன்று இருக்கிறது, சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டு, ஏரிகளையும் கால்வாய்களையும் பட்டா இல்லாமலே எழுதி வாங்கிக்கொண்ட மரம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு மேல் உத்தரவு போட்டது. அதே வருஷம் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அரசு அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கருவேலம் எதையும் படித்த மாதிரித் தெரியவில்லை. கிளையை மட்டும் வெட்டி அரைத்தால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட ஜேசிபி வேண்டும். காய் பழுத்திருக்கும் காலத்தில் அரைத்து அந்தத் தூளை வயலில் போட்டால், அரைபடாமல் தப்பிய விதையை நீங்களே விதைத்தவர் ஆவீர்கள். இந்த இடத்தில் என் ஆட்டுப் பாராட்டையும் கொஞ்சம் வாபஸ் வாங்கவேண்டியிருக்கிறது. அந்த இனிப்புக் காயை ஆசையாகத் தின்று, விதையின் தோலை வயிற்றில் இளக்கி, உருண்டைக்குள் வைத்து ஏரி முழுக்க நட்டுவிட்டு வருவது ஆயாவின் ஆடுகள்தான்.

புயல் அடித்த ஊரும் இந்த மெஷினுக்கு ஏற்ற ஊர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைக்குள் வந்தபோது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் ரோட்டில் கிடந்தன. அத்தனை கிளைக்கும் ஆடு எங்கே, தவலை எங்கே? 2018 நவம்பர் 16-ல் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தபோது நிலைமை இன்னும் மோசம். கிடந்து மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். அந்த வண்டு, புயலுக்குத் தப்பி நிற்கிற மரத்தின் குருத்தைப் போய்க் குடையும். அங்கே தூளாக்குகிற ஒவ்வொரு மெஷினுக்கும் வேலை உண்டு. எங்கள் ஊரிலோ, மேலே சொன்ன இருபது மட்டையும் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. கொண்டுவந்து பூட்டி, கழற்றிக் கொண்டுபோய்விட ஒன்றரை மணி நேரம் ஆனது.

என் தீர்ப்பு இதுதான்: ஒரு வீட்டுக்கு ஒரு சிப்பர் வீண், ஒரு ஊருக்கு ஒன்று இருந்தாலும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கோழி அடைகாக்கத்தான் பயன்படும், நாலைந்து ஏரிகளுக்குச் சேர்த்து ஒன்று என்றால் சரியாக இருக்கும். உங்கள் ஊர் ஏரியில் கருவேலம் மண்டிக் கிடந்தால், காய் பழுக்கும் முன்பே சொல்லி அனுப்புங்கள். ஜேசிபிக்காரரை நீங்கள் பேசிவையுங்கள், மச்சானை நான் பேசிக்கொள்கிறேன். வேட்டி கட்டியவர்கள் கரை மேலேயே நின்று யோசனை சொல்லலாம். டீசல் மட்டும் உங்களுடையது.